மூன்று நாள் குழந்தைகள்

எந்தக் கையெழுத்தைப் பார்த்தாலும் அதன் சொந்தக்காரர் யார் என்று ஐவி சொல்லிவிடுவாள் என்பதை விசிட்டிங் கார்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அவளிடம் வேலை பார்க்கும் பாலகணேஷ் பல தடவை சொல்லியிருக்கிறான். இன்று காலை பத்தே முக்காலுக்கு, நந்தனத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், அந்தத் திறமையே அவள் கழுத்தைப் பிடித்தது. மாணிக்கவாசகம் நீட்டிய ஜெராக்ஸ் தாளில் இருந்த எழுத்தை அரை நொடியில் கண்டுகொண்டாள்.

அவளுடையது.

‘ழ’வின் வால் கீழ்க் கோட்டைத் தொட்டு நின்றது. ‘ண’வின் கடைசிச் சுழி அவசரத்தில் பாதியில் திரும்பியிருந்தது. இருபத்தேழு வயதில், ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, ஒரு நெரிசலான மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து எழுதிய எழுத்து.

“என்ன மேடம், பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?” என்றான் பாலகணேஷ்.

“வெயில்,” என்றாள் ஐவி. அன்றைய முதல் பொய் அது.

மாணிக்கவாசகம் இந்தியக் கால்பந்து அணியின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரி. ஆட்டக்காரர்களின் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் அவர் தோள்பையில்தான் குடியிருக்கும். மைதானத்தின் இடது ஓரத்தில், பந்தைக் காலோடு ஒட்டவைத்தது போல ஓட்டிக்கொண்டு போன ஒல்லியான பையனைக் காட்டினார்.

“அறிவு. நம்ம பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பையன். நேத்து இந்த மொட்டைக் கடுதாசி வந்துச்சு. இவனுக்கு வயசு கூடன்னு சொல்லுது. இன்னிக்கு சாயந்தரம் ஆறு மணிக்குள்ள இருபத்து மூணு பேர் பட்டியலை நான் அனுப்பியாகணும். அதுக்கு மேல ஒரு பேரைக் கூட சேர்க்க முடியாது.”

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய கவலை புரியும். ஒலிம்பிக்கில் ஆண்கள் கால்பந்து இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம். ஒலிம்பிக்கில் மட்டும் வயது கூடியவர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே போவதற்கு முன்னால் ஆசிய அளவில் ஒரு தகுதிப் போட்டி உண்டு. அதில் அந்தச் சலுகையும் கிடையாது. ஒரே ஒரு கோடு. 2005 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் உள்ளே. முந்தைய நாள் பிறந்திருந்தால் வெளியே. வயது கூடிய ஒருவனை இறக்கியது பிறகு தெரியவந்தால், ஜெயித்த ஆட்டத்தையும் மூன்றுக்குப் பூஜ்யம் என்று எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

“பதினேழு வயசுப் போட்டின்னா மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்,” என்றார் மாணிக்கவாசகம். “எலும்பு முனை ஒட்டிடுச்சா இல்லையான்னு தெரியும். இருபத்திரண்டு வயசுல எல்லாருக்கும் ஒட்டியாச்சு. எலும்பு பேசாது. காகிதம்தான் பேசணும்.”

காகிதமோ இரண்டு விதமாகப் பேசியது. அறிவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த தேதி 5 ஜனவரி 2005. ஆனால் அவன் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, சுனாமி நிவாரண முகாமில். நான்கு மாதம் கழித்து அப்பாவின் வாய்ச்சொல்லை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்த அப்பாவும் இன்று இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் இல்லை. மொட்டைக் கடிதத்தோடு வந்த ஜெராக்ஸ் அந்த முகாமின் பட்டியல். தேதி 28 டிசம்பர் 2004. தலைப்பு ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்கள்’. மொத்தம் பன்னிரண்டு. ஒன்பதாவது வரியில்: தங்கம், சீனிவாசபுரம், ஆண் குழந்தை ஒன்று, வயது 3 நாள்.

டிசம்பர் இருபத்தெட்டில் மூன்று நாள் ஆன குழந்தை ஜனவரி ஐந்தில் பிறக்க முடியாது.

“தங்கம் அறிவோட அம்மா. அவங்களுக்கு வேற பிள்ளை கிடையாது,” என்றார் மாணிக்கவாசகம். “பட்டியல் உண்மைன்னா பையனை எடுத்துடறேன். பொய்னா, பொய்னு தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். சந்தேகம்னு மட்டும் சொன்னா, மத்த இருபத்திரண்டு பேரை நெனச்சு நான் அவனை எடுத்துடுவேன். நீங்க பாத்துச் சொன்னா எங்க கமிட்டியில மறுபேச்சு கிடையாது மேடம்.”

அது முகத்துதி அல்ல. சான்றிதழ் சரிபார்ப்பதுதான் ஐவியின் தொழில். கல்யாணத்துக்கு வந்த வரனின் படிப்பு, வேலைக்கு வந்தவரின் முன் அனுபவம், தத்துக் கொடுத்த குழந்தையின் பிறந்த தேதி, எல்லாமே அபிராமபுரத்தில் இருக்கும் அவளுடைய இரண்டு அறை அலுவலகத்துக்கு வந்துவிட்டுத்தான் மேலே போகும். ‘ஐவி மேடம் பாத்தாச்சா?’ என்று கேட்காமல் பேனாவைத் திறக்காத ஆட்கள் இந்த நகரத்தில் நூறு பேராவது இருப்பார்கள். அந்த ஐவி மேடமே ஒரு பட்டியலைப் பொய்யாக எழுதியவள் என்று தெரிந்தால், அந்த நூறு பேரும் பேனாவை வேறு இடத்தில் திறந்துகொள்வார்கள்.

மந்தைவெளியில் ஒரு டீக்கடை வாசலில் பாலகணேஷ் ஜெராக்ஸை விரித்தான். பத்து வருடம் லீக் ஆட்டங்களில் கோட்டு ஓரமாகக் கொடி பிடித்து ஓடியவன். முழங்கால் போனதும் ஐவியிடம் வந்து சேர்ந்தான். வயது நாற்பது. இன்னமும் எதைப் பார்த்தாலும் ஆஃப்சைடா இல்லையா என்றுதான் பார்ப்பான்.

“மேடம், இத பாருங்க. அஞ்சு மாசம், நாப்பது நாள், ஒம்போது நாள், எட்டு மாசம்னு ஏழு குழந்தைக்கு விதவிதமா வயசு கீது. மிச்ச அஞ்சுக்கும் ஒரே வயசு. மூணு நாள், மூணு நாள், மூணு நாள்… இருபத்தெட்டுலருந்து மூணைக் கழிங்க.”

ஐவிக்குக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. “இருபத்தஞ்சு.”

“கிறிஸ்துமஸ்!” பாலகணேஷ் டீ கிளாசை மேசையில் தட்டினான். “ஒரே குப்பம், ஒரே நாள், அஞ்சு பேரு. ஒரு ஏசுவுக்கே சத்திரத்துல எடம் கெடைக்கல. அஞ்சு பேருன்னா எத்தினி மாட்டுக் கொட்டாய் வேணும்? ராஜாவுங்க ஒட்டகத்தை எங்க பார்க் பண்ணுவாங்க?”

டீ மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஐவி டீயை ஊதிக்கொண்டிருந்தாள்; அது ஆறிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

“இதை எழுதுனவங்க யாருன்னு நான் சொல்லவா?” என்றான் பாலகணேஷ். “டீச்சரு. கோடில்லாத தாள்ல ஸ்கேல் வச்ச மாதிரி எழுத்து. கிறிஸ்தவங்க. அவசரத்துக்கு ஒரு பொறந்தநாள் வேணும்னா மனசுல முந்திக்கினு நிக்கிற நாளைத்தான எழுதுவோம்? நானா இருந்தா அஞ்சையும் பிள்ளையார் சதுர்த்தியில பெத்திருப்பேன். இன்னொண்ணு, இவங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமே இல்ல. பழகுன கையா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு நாள், ஒண்ணுக்கு ஆறு நாள்னு கலைச்சுப் போட்டிருக்கும்.”

“ரொம்பப் பேசற.”

“நான் கொடியைத் தூக்கிட்டேன் மேடம். ரெஃப்ரிதான் விசில் ஊதணும்.”

ரெஃப்ரி ஊதவில்லை.

அந்த மண்டபத்தில் நடந்தது இவ்வளவுதான். நிவாரணமாகப் பன்னிரண்டு பொட்டலம் வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பால்பவுடர் டின், ஒரு கம்பளி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் எழுதியவர் ஒன்றை மறந்திருந்தார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. நிறைமாதக்காரிகள் ஐந்து பேர் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார்கள். ஐவி அவர்களுடைய பிள்ளைகளைக் கொஞ்சம் முன்கூட்டியே பெற்றுவைத்தாள்.

அடுத்த மாதம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னாள். “பசிக்காகச் சொன்ன பொய்தானே, மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்,” என்றார் சாமியார். சொல்லிவிட்டு மறந்துபோனாள். மறந்துபோனதுதான் இப்போது சிக்கல். அந்த ஐந்தும் அவளுடைய கற்பனைதானா? ஒரே ஒரு குழந்தையாவது நிஜமாகவே கிறிஸ்துமஸ் அன்று பிறந்திருந்தால்? ஒரு முகம்கூட நினைவில் இல்லை. நினைவில்லாமல் கையெழுத்துப் போட்டால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். போடாவிட்டால் ஒரு பையன் வீட்டுக்குப் போவான்.

“இங்க ஒண்ணு கீது பாருங்க,” என்று பாலகணேஷ் தாளின் ஓரத்தைக் காட்டினான். வேறொரு கை, பேனாவால், சின்னதாக எழுதியிருந்தது: ‘பெயர் இல்லை’. “யாரு பேரு இல்ல? பன்னெண்டு வரியிலயும் பேரு கீதே?”

ஐவிக்கும் புரியவில்லை.

தங்கம் இப்போது பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருந்தாள். பாலகணேஷ் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“அலைக்கு அப்பால பொறந்தான் சார்! சரியா பத்து நாள் கழிச்சி. அந்த ஹால்லயே, மூலையில ரெண்டு பொடவையக் கட்டி வச்சி.”

“சாட்சி யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“வலி எனக்கு வந்துச்சு சார். சாட்சிக்கா வந்துச்சு?”

பாலகணேஷ் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “சூப்பர் பதில் மேடம், கமிட்டியில செல்லாது,” என்று முணுமுணுத்தான்.

“அந்த லிஸ்ட் எழுதுன டீச்சரைக் கேளு சார்,” என்று தங்கத்தின் குரல் தொடர்ந்தது. “வயித்தைப் பாத்தே எழுதுனாங்க. பேரு தெரியாது. மவராசி. எம் புள்ள இன்னிக்கு ஓடுறான்னா அந்தம்மா குடுத்த கம்பளிதான்.”

ஐவி டீக் கிளாசைக் கீழே வைத்தாள். தாய் மகனுக்காகச் சொல்லும் வார்த்தையை எந்தக் கமிட்டியும் எடுத்துக்கொள்ளாது. பொய்யும் நிஜமும் ஒரே எழுத்தில் இருக்கும்போது பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. பொய் எட்ட முடியாத ஒரு இடம் வேண்டும்.

“பாலா,” என்றாள் மெதுவாக. “பொய்க் குழந்தையைக் காட்டி டின் வாங்கலாம். பொய்க் குழந்தைக்காக எவளாவது பத்தியம் சாப்பிடுவாளா?”

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தான். “சமையக்காரன் யாரு?”

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு என்பது எல்லா வீட்டிலும் உள்ளது. பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் உண்டு. பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் கிடையாது. தாய் சாப்பிட்டது பிள்ளைக்கு வாயுவாக இறங்கும் என்பார்கள். கடலோரத்தில் பால் ஊற சுறாப் புட்டும் கொடுப்பார்கள். ஆனால் அந்த வாரம் மீனை யாரும் தொடவில்லை. எப்படியும் அது தனிச் சமையல், தனிப் பாத்திரம். கணக்குத் தப்பினால் யாரோ ஒரு பிள்ளைக்காரி பட்டினி கிடப்பாள். ஆகவே சமைப்பவன் பெயரோடு எழுதி வைத்துக்கொள்வான்.

சாந்தோம் பக்கம் ஒரு பங்குக் கோயில் மண்டபத்தின் சமையல்கட்டில், அந்த முகாமுக்குச் சமைத்த பவுல்சாமி பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும்.

“யாரு… டீச்சரம்மாவா!” எழுந்தே விட்டார். “அந்த முகாமுக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோமே! தம்பி, உனக்குத் தெரியுமா, அப்போ இவங்க பேரு எழுத, நான் சோறு போட… மொத்த மண்டபத்தையும் நாங்க ரெண்டு பேருதான் தாங்குனோம்.”

பாலகணேஷ் கையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்தான். ஐவியைப் பார்த்தான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“மேடம், டீக்கடையில நான் பேசினது…”

“எல்லாம் சரியாத்தான் சொன்னே. ஒண்ணைத் தவிர.” ஐவி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “பொய் சொல்லிப் பழக்கமில்லன்னியே. காலையிலருந்து உங்கிட்டயே பழகிட்டிருக்கேன்.”

நக்கலுக்கு அவன் வாய் திறந்தது. எதுவும் வராமல் மூடிக்கொண்டது. அதை ஐவி அவ்வளவு வருடத்தில் பார்த்ததில்லை.

பவுல்சாமி எந்த நோட்டையும் எறிவதில்லை. எத்தனை தலைக்கு எத்தனை படி அரிசி போட்டோம், மிஞ்சியதா, பற்றாமல் போனதா என்பதுதான் அவருடைய கல்வி. அடுத்த திருவிழாவுக்கு அதைப் பார்த்துத்தான் உலை வைப்பார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று வெளியே வந்தது.

“டிசம்பர் இருபத்தெட்டு… பொதுச் சாப்பாடு முன்னூத்தி நாப்பது. பத்தியம் மூணு. சரோஜா, மேரி, ஜானகி.”

“தங்கம்?” என்றாள் ஐவி.

“தங்கமா? இதுல எப்படி இருப்பா? அந்தப் பொண்ணு அன்னிக்கு உருளைக்கெழங்கு பொரியலை மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. வயிறு இங்க வரைக்கும்.” பவுல்சாமி கையை ஒரு முழம் முன்னால் நீட்டிக் காட்டினார். பக்கங்களைத் திருப்பினார். “இந்தா. ஜனவரி ஆறு, மூணு ராசாக்கள் திருநாள். பத்தியம் நாலு. ‘தங்கம், புதுசு’னு எழுதியிருக்கேன் பாருங்க.”

ஆறாம் தேதி காலைப் பத்தியம் என்றால் ஐந்தாம் தேதிப் பிரசவம். சான்றிதழ் சொன்னது சரி. அறிவு கோட்டுக்கு இந்தப் பக்கம், நான்கு நாள் தள்ளி நின்றான்.

பாலகணேஷ் வாசலுக்கு வந்து மாணிக்கவாசகத்துக்குப் போன் செய்தான். போன முகத்தோடு திரும்பி வரவில்லை.

“நோட்டு நல்லா கீதாம். ஆனா ஒரு பக்கம் சமையல் நோட்டு, ஒரு பக்கம் முகாம் பட்டியல்னு நின்னா, கமிட்டி பட்டியலைத்தான் நம்புமாம். அதை எழுதுனவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா சோலி முடிஞ்சுது, அவங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“லைன் கட்டாயிடுச்சுன்னு கட் பண்ணிட்டேன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “மேடம், நம்ம தொழிலே உங்க கையெழுத்துதான். வேற வழி ஏதாச்சும் யோசிக்கலாம். மணி ரெண்டரைதான்.”

ஐவி போனை வாங்கித் தானே அழைத்தாள். “எழுதினவங்க கிடைச்சுட்டாங்க சார். ஆறு மணிக்குள்ள கையெழுத்தோட வந்துடும்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சொன்ன பிறகு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் பவுல்சாமி படித்த மூன்று பெயர்களில் ஒன்று காதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. பாலகணேஷிடம் கை நீட்டினாள். அவன் ஜெராக்ஸை எடுத்துப் பிரித்தான். சரோஜா, நான்காவது வரி, ஒன்பது நாள். மேரி, ஏழாவது வரி, நாற்பது நாள்.

ஜானகி எங்கும் இல்லை.

“பத்தியத்துல இருக்கா. அப்ப நெஜமாவே குழந்தை இருக்கு,” என்றான் பாலகணேஷ். “பட்டியல்ல இல்ல. பத்தியமே இல்லாத பொய்க் குழந்தை அஞ்சும் உள்ள. நெஜக் குழந்தை ஒண்ணு வெளிய.” நிறுத்தினான். ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தை விரலால் தொட்டான். “பெயர் இல்லை.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து மொட்டைக் கடிதத்தோடு அனுப்பியவள், அந்தப் பக்கத்தில் பெயர் இல்லாதவள்.

“ஜானகி இப்ப எங்க இருக்கா, அண்ணே?” என்றாள் ஐவி.

“எங்க போவா? லூப் ரோட்டு மீன் மார்க்கெட்லதான்.”

நான்கு மணிக்கு மார்க்கெட்டில் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஜானகி சங்கரா மீன்களை வரிசையாக அடுக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. ஐவி முன்னால் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது.

“கண்ணாடி போட்டுக்கினு கீற,” என்றாள். “மத்தபடி அதே மூஞ்சிதான் டீச்சர்.”

“கடிதம் எழுதினது நீதானே?”

“நான்தான். அதுக்கு இன்னா இப்ப?”

“அறிவுக்கு வயசு கூட இல்லன்னு உனக்குத் தெரியும்,” என்றாள் ஐவி. “அவன் பிறந்தப்போ நீ அதே ஹால்லதான் இருந்தே.”

“தெரியுமாவா? பொடவை கட்டி மறைச்சவளே நான்தான். அவன் தலை வெளிய வந்தத மொதல்ல பாத்தவளும் நான்தான்.”

பாலகணேஷ் வாயைப் பிளந்தான். “யக்கா, அப்ப எதுக்கு அந்தப் பையன் சோத்துல மண்ணு அள்ளிப் போட்டே?”

“நீ யாரு நைனா நடுவுல? டீச்சரு கேக்கட்டும்.”

ஐவி கேட்கவில்லை. ஈரமான சிமெண்டுத் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த மத்தியானம் இப்போது வந்தது, முகத்தோடு. டின் எல்லாம் தீர்ந்துபோன நேரம். ஈரப் புடவை. மார்போடு சேர்த்துப் பிடித்த துணிக்குள் ஒரு பிஞ்சு முகம். பன்னிரண்டாவது வரிக்குக் கீழே ஏற்கனவே கோடு போட்டு முடித்திருந்தாள். ‘தீர்ந்துபோச்சும்மா, நாளைக்கு வா’ என்று ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது அவள்தான். மறுநாள் ஐவியை வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லவே இல்லை. பாவம் என்று தோன்றியிருந்தால்தானே சொல்ல?

“அலை அடிச்ச அன்னிக்கே பொறந்தவ என் கயலு,” என்றாள் ஜானகி. “டின்னுக்காக வரல நான். எனக்குப் பாலு இருந்துச்சு. பேரை எழுதியிருக்கலாம்ல? பேரு எழுதுறதுக்குமா டின்னு வேணும்?”

ஜானகி ஒரு மீனைப் புரட்டிப் போட்டாள்.

“பொறப்புச் சர்ட்டிபிகேட்டுக்குப் போனேன். முகாம் லிஸ்டைக் கொண்டான்னாங்க. லிஸ்டைக் கேட்டா, ‘பாரும்மா, உன் பேரே இல்ல’ன்னு ஜெராக்ஸ் போட்டு, அதுலயே எழுதியும் குடுத்தாரு ஆபீசரு. அப்பால எவன் தருவான்? இஸ்கூல்ல சேக்கப் போனா, கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொன்னாங்க.”

இந்த வழக்கம் தெரியாதவர் குறைவு. காகிதம் இல்லாத பிள்ளையின் வயதைக் கணிக்க அந்தக் காலத்து வாத்தியார்கள் வைத்திருந்த அளவுகோல் அது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது வந்துவிட்டது.

“என் பொண்ணுக்குக் கை நீளம் டீச்சர். காதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் போச்சு. ஒண்ணரை வருசம் கூட எழுதிட்டாங்க.” ஜானகி சொம்பைக் கீழே வைத்தாள். “அந்தக் கைதான் அவளை கோல் கீப்பராக்குச்சு. இந்த மணல்ல ரெண்டு கட்டையை நட்டுக்கினு அவ நிப்பா, அறிவு அடிப்பான். அவன் அடிக்கக் கத்துக்கினதே இவகிட்டதான். பதினேழு வயசுக்குட்பட்ட இந்தியா டீமுக்கு ஆள் எடுத்தாங்க. மூணு நாள் பாத்தாங்க, ஒரு பந்தும் உள்ள போவல. நாலாவது நாள் சர்ட்டிபிகேட்டைப் பாத்துட்டு, வயசு கூடன்னு அனுப்பிட்டாங்க.”

“இப்ப எங்க இருக்கா?” என்றாள் ஐவி.

“தி.நகர்ல, பொடவைக் கடையில. மேல் தட்டுலருந்து பொடவை எடுத்துப் போடுறா. அவளுக்கு மட்டும் ஸ்டூலு வேணாம்.”

பாலகணேஷ் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உன்னை எங்கன்னு தேடுவேன்? டீச்சரு, அவ்ளோதான் தெரியும். அறிவு படம் போஸ்டர்ல வந்துச்சு. அவன் வயசைக் கேட்டா லிஸ்டை எடுப்பாங்க. லிஸ்டை எடுத்தா எழுதுன ஆளைத் தேடுவாங்கன்னு கடுதாசி போட்டுட்டேன். பொய்யா நெஜமான்னு உன்னைத் தவிர யாரு சொல்ல முடியும்?”

“நான் வராம போயிருந்தா?”

ஜானகி மீன்களைப் பார்த்தாள். “போட்ட அன்னிலருந்து சோறு எறங்கல. நீ வரலன்னா இன்னிக்கு நானே நந்தனத்துக்குப் போயி கால்ல வுழுந்திருப்பேன். நம்புவாங்களோ மாட்டாங்களோ. தங்கம் மூஞ்சியை எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியல.”

இரண்டு குற்றவாளிகளுக்கும் நடுவில் ஒரு கூடை சங்கரா மீன் இருந்தது. ஐவி பையிலிருந்து தாளை எடுத்தாள். முழங்காலில் வைத்து எழுதினாள். ‘2004 டிசம்பர் 28 தேதியிட்ட பட்டியலை எழுதியவள் நான். அதில் மூன்று நாள் என்று வயது குறித்த ஐந்து குழந்தைகளும் அன்று பிறந்திருக்கவில்லை. அந்த வயதை நானே எழுதினேன்.’ தன் முழுப் பெயர், அலுவலக முகவரி, கையெழுத்து. ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. பாலகணேஷ் அதையும் சமையல் நோட்டையும் படமெடுத்து அனுப்பினான்.

பதில் வர இருபது நிமிடம் ஆனது. அவன் போனை உயர்த்திக் காட்டினான். ‘அறிவு பட்டியலில் சேர்க்கப்பட்டார்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘மேடம், இனி எங்கள் சரிபார்ப்பு வேலைகளை வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம். மன்னிக்கவும்.’

“நூறுல ஒண்ணு போச்சு,” என்றாள் ஐவி.

“மிச்சம் தொண்ணுத்தொம்போது பேருக்கு நாளைக்குள்ள தெரிஞ்சிடும்,” என்றான் பாலகணேஷ். “நான் மறுபடியும் கொடி பிடிக்கப் போறேன் மேடம். நீங்க வேணா பந்து பொறுக்குங்க.”

அவள் சிரிக்க முயன்றாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டபோது ஜானகி கையை நீட்டி மறித்தாள்.

“இன்னொண்ணு எழுது. கயலு. டிசம்பர் இருபத்தாறு பொறந்தா. ரெண்டு நாள் குழந்தையா என் கையில பாத்தேன்னு எழுது.”

ஐவி நின்றாள். இதிலாவது ஏமாற்றக் கூடாது என்று நினைத்தாள். “எழுதறேன் ஜானகி. ஆனா இது ஒண்ணுக்கும் உதவாது. இத்தனை வருஷம் கழிச்சு ஸ்கூல் தேதியை மாத்த மாட்டாங்க. மாத்தினாலும் அந்தத் தேர்வு திரும்பி வராது.”

“அது எனக்குத் தெரியாதா?” ஜானகி முந்தானையில் கையைத் துடைத்தாள். “உதவணும்னுதான அன்னிக்குப் பொய் எழுதுன. ஒண்ணுத்துக்கும் உதவாட்டியும் ஒரு தபா நெஜத்தை எழுது.”

ஐவி மறுபடியும் ஈரத் திண்டில் உட்கார்ந்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து முழங்காலில் விரித்தாள்.

“பேரை முழுசா சொல்லு,” என்றாள்.